தகப்பன்ட குணமா, தாயிட வளர்ப்பா?

சென்ற தவணையில் என் வகுப்புப் பிள்ளை ஒருவன், கூராக்கிய பென்சிலால் பக்கத்தில் இருந்தவனின் முழங்கையில் குத்திவிட்டான். நாலாம் வகுப்பு. காயம் பெரிதில்லை, ஆனால் இரத்தம் வந்தது. குத்திய பிள்ளை அழவில்லை, ஓடவுமில்லை. பென்சிலைக் கொப்பிக்கு மேல் நேராக வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் தாய் வந்தார். திருக்கடலூர்ப் பக்கம் வீடு, கணவருக்குக் கடற்றொழில். கதிரையின் நுனியில் இருந்தபடியே சொன்னார்: “அது தகப்பன்ட குணம் ரீச்சர். அந்தாளுக்கும் கோவம் வந்தா கண் தெரியாது. இரத்தத்தில ஊறினத நான் என்னெண்டு மாத்துறது?” அதற்கு அடுத்த நாள், நான் கூப்பிடாமலே அப்பம்மா வந்தார். வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னது வேறு: “எங்கட பரம்பரையில இப்பிடி ஒருத்தரும் இல்ல பிள்ளை. எல்லாம் அவள் வளர்க்கிற வளர்ப்பு. செல்லம் குடுத்துப் பழுதாக்கி வச்சிருக்கிறாள்.”

திருகோணமலை நகரத்தில் 22 வருடமாக ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். இந்த இரண்டு பதிலையும் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளை பரிசு வாங்கினால் அது எங்கள் பக்கத்துக் குணம் என்று இரண்டு வீடும் உரிமை கொண்டாடும். குழப்படி செய்தால் மட்டும் ஒரு பக்கம் இரத்தத்தைக் காட்டும், மறுபக்கம் வளர்ப்பைக் காட்டும். வளர்ப்பு என்று பேச்சு வந்துவிட்டால் விரல் நீளுவது தாயிடம்தான். ‘தகப்பன் வளர்த்த வளர்ப்பு’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழி போடுவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும்? ஆராய்ச்சியாளர்கள் அறுபது, எழுபது வருடமாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் படிக்கப் படிக்க, அந்தத் தாயின் பதிலும் அப்பம்மாவின் பதிலும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று எனக்குப் பட்டது. முடிச்சு இருப்பது நடுவில்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். பிள்ளை ஒருவனை அடித்துவிட்டால், “இதை எங்க பழகினான்?” என்றுதான் கேட்கிறோம். ரிவியிலா, போனிலா, அயல்வீட்டுப் பெடியனிடமா? கனடாவின் மொன்றியல் நகரில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்ற ஆய்வாளர், பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார். மனிதர்கள் தங்கள் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் பறிப்பதும் இரண்டு, மூன்று வயதை ஒட்டிய காலத்தில்தான் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. பதினாறு வயதில் இல்லை. இரண்டு வயதுக் கையில் பலம் இல்லாததால் நாம் அதைப் பார்த்துச் சிரித்துவிடுகிறோம், அவ்வளவுதான். அடிக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அடிக்காமல் இருக்கத்தான் பிள்ளை பழக வேண்டியிருக்கிறது. காத்திருக்க, வாயால் கேட்க, தோற்றால் பொறுக்க. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரும் வயதுக்குள் இதில் பெரும்பங்கைப் பழகிவிடுகிறார்கள். சிலர் பழகுவதில்லை.

பார்த்துப் பழகுவது என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1961இல் அமெரிக்காவில் அல்பர்ட் பண்டூரா 72 முன்பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், பிறகு அதே மாதிரி, அதே சொற்களைச் சொல்லி அடித்தார்கள். எப்படி அடிப்பது, யாரை அடிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். உந்துதல் அதற்கு முன்னமே உள்ளே இருக்கிறது.

அந்த உந்துதல் எல்லாருக்கும் ஒரே அளவா? இல்லை என்பது மூன்று பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் தெரியும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த நினைவுதான் வரும். பக்கத்தில் பக்கத்தில் ஏழு சின்னக் கிணறுகள். ஒரே நிலம். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், இன்னொன்றில் “ஆ!” என்று துள்ளுவார்கள். என்னுடைய மூத்த மகள் பால் குடித்தால் தூங்கிவிடுவாள். இளையவள் முதல் நாலு மாதமும் இரவிரவாக அழுதாள், சட்டை மாற்றினாலும் அழுதாள். அப்போது நான் அவளை வளர்க்கத் தொடங்கவே இல்லை, ஏந்திக்கொண்டுதான் இருந்தேன்.

1956இல் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற கணவன் மனைவி, இருவரும் மனநல மருத்துவர்கள், இதைத்தான் பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளையில் என்ன கோளாறு என்றாலும் தாயைக் குற்றம் சொல்வது மேல்நாட்டு மருத்துவத்திலும் வழக்கமாக இருந்த காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை மாதக்கணக்கான வயதிலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். 40 சதவீதம் குழந்தைகள் லேசில் வளரக்கூடியவர்கள். 15 சதவீதம் புதியது எதற்கும் தயங்கி, மெல்ல மெல்ல இணங்குபவர்கள். 10 சதவீதம் கடினமானவர்கள்: நேரத்துக்குத் தூங்க மாட்டார்கள், புதிதாக எது வந்தாலும் கத்துவார்கள், அழுதாலும் சிரித்தாலும் உச்சத்தில்தான். மற்றவர்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் சரியாக அடங்காத கலவை. அந்தப் பத்துச் சதவீதத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றவர் கெட்ட தாய் இல்லை. அவருக்குக் கிடைத்தது கடினமான வேலை.

பிறகு இரட்டையர் ஆய்வுகள் வந்தன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு அநேகமாக ஒன்றுதான். இரு கரு இரட்டையர் சாதாரணச் சகோதரரைப் போல. முதல் வகைச் சோடிகள் ஒரு குணத்தில் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள், இரண்டாவது வகை எவ்வளவு என்று ஒப்பிட்டால் பிறப்பின் பங்கைக் கணக்கிடலாம். ஐம்பது வருடத்து இரட்டையர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஆயிரக்கணக்கான குணங்களுக்குச் சராசரியாக 49 சதவீதம் பரம்பரைப் பங்கு வந்தது. முரட்டுத்தனம், பொய், களவு, சட்டமீறல் போன்ற நடத்தைகளை மட்டும் எடுத்து, இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகள் மொத்தம் 51ஐத் தொகுத்த கணக்கு 2002இல் வந்தது. பரம்பரை 41 சதவீதம். உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான வீட்டுச் சூழல் 16 சதவீதம். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் தனிச்சூழல் 43 சதவீதம். அளவெடுப்பதில் வரும் பிழையும் இதற்குள் அடக்கம்.

இந்த 41ஐக் கேட்டதும் அந்தத் தாய் “பாத்தீங்களா ரீச்சர்” என்று சொல்லக்கூடும். அவருடைய மகனின் குழப்படியில் நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு தகப்பனுடையது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970இல் ஒரு விதை உதாரணம் சொன்னார். அதை நம்முடைய கந்தளாய்க்கு மாற்றிச் சொல்கிறேன். ஒரு மூட்டையில் பல இனம் கலந்த விதைநெல் இருக்கிறது. பாதியைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடும் வயலில் விதைக்கிறோம். மீதியைத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணியில். வாய்க்கால் வயலுக்குள் மட்டும் பார்த்தால், எல்லாப் பயிருக்கும் ஒரே தண்ணீர், ஒரே பசளை. ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்பதற்குக் காரணம் முழுக்க விதைதான். மேட்டுக்காணிக்குள்ளும் அப்படித்தான். ஆனால் இரண்டு வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேட்டுப் பயிர் முழுவதும் வாடி நிற்கும். அந்த வித்தியாசத்தில் விதைக்கு ஒரு பங்கும் இல்லை. தண்ணீர்தான். பரம்பரைப் பங்கு என்ற எண் ஒரு வயலுக்குள் பயிர்கள் ஏன் வேறுபடுகின்றன என்று மட்டும் சொல்லும். ஒரு தனிப் பயிரைப் பிடுங்கிவந்து இதில் எத்தனை அங்குலம் விதை, எத்தனை அங்குலம் தண்ணீர் என்று அதனிடம் கேட்க முடியாது.

இரத்தத்தில் வந்தது மாறாது என்பதும் பிழை. கிட்டப்பார்வை பெரும்பாலும் குடும்பத்தில் வருவதுதான். தகப்பனைப் போல மகனுக்கும் கரும்பலகை தெரியவில்லை என்றால் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். பரம்பரை என்று விட்டுவிடுவதில்லை.

ஒரே வீட்டுப் பொதுச்சூழலுக்கு 16தான் வருகிறது என்பது எனக்கு முதலில் நம்பக் கஷ்டமாக இருந்தது. ரொபர்ட் ப்ளோமின், டெனிஸ் டானியல்ஸ் என்ற இருவர் 1987இல் இதைத்தான் கேள்வியாக எழுப்பினார்கள்: ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறார்கள்? யோசித்தால் விளங்கும். இரண்டு பிள்ளை வளர்ந்தால் அது இரண்டு வீடு. மூத்தவன் பிறக்கும்போது தகப்பன் கூலிக்குக் கடலுக்குப் போனவர், இளையவன் பிறக்கும்போது சொந்த வள்ளம். மூத்தவளுக்குத் தாய் பக்கத்தில் இருந்தார், சின்னவளுக்கு இரண்டு வயதில் குவைத்துக்குப் போய்விட்டார். ஒரே ஏச்சு ஒரு பிள்ளையின் காதோடு போகும், மற்றப் பிள்ளையின் நெஞ்சில் தங்கும்.

பிறப்பும் சூழலும் ஒன்றோடொன்று பின்னுவதை டனீடின் ஆய்வு காட்டியது. நியூசிலாந்தின் அந்த நகரத்தில் 1972, 73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அவர்களில் 442 ஆண்களின் ஒரு மரபணுவை அவ்ஷலோம் கஸ்பி, டெரி மொஃபிட் குழுவினர் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். மூளையில் சில இரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை அது கட்டுப்படுத்துகிறது. அது மந்தமாக வேலை செய்யும் வகையோடு பிறந்து, சின்ன வயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடம் வன்முறை கூடுதலாக இருந்தது. அதே வகையோடு பிறந்து கொடுமை படாமல் வளர்ந்தவர்களிடம் அது கூடவில்லை. செய்திகள் இதைக் ‘குற்ற மரபணு’ என்ற மாதிரிப் பரப்பிவிட்டன. பிறகு வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. நடத்தைக்குப் பின்னால் சின்னச் சின்னப் பங்கோடு எத்தனையோ மரபணுக்கள் இருப்பதாகவே இன்று கருதுகிறார்கள். எப்படியானாலும், ஒரு மரபணு தனியாக ஒரு பிள்ளையைக் கெட்டவனாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

சரி, வளர்ப்பு. அதன் பலத்துக்கு ருமேனியாவை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் விழுந்தபோது அங்கே விடுதிகளில் பல்லாயிரம் குழந்தைகள் கட்டிலோடு கிடந்தார்கள். சாப்பாடு உண்டு, தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பேச்சிலும் அறிவிலும் பாசம் வைப்பதிலும் முன்னேறினார்கள். பல விடயங்களில் இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பலன் கூட. விடுதியிலும் குடும்பத்திலும் இருந்தவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள். ஆகவே அது விதையின் வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நம்முடைய வீடுகள் ருமேனிய விடுதிகள் இல்லை. சாதாரணப் பாசமுள்ள வீட்டில் குழப்படி எப்படி வளர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதை ஒரு பின்னேரம் டச்பே கடற்கரையில் கண்ணுக்கு முன்னால் பார்த்தேன்.

ஐந்து வயதிருக்கும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பலூன்காரரைத் தாண்டி வந்தான். “அம்மா பலூன்.” தாய் வேண்டாம் என்றார். “அம்மா பலூன்!” வீட்டில் இருக்கிறதுதானே என்றார். அவன் மணலில் குந்தினான். தாய் அக்கம்பக்கம் பார்த்தார். அவன் கத்தத் தொடங்கினான். தாய் குரலை உயர்த்தி, “இப்ப அடி விழும்” என்றார். அவன் காலை உதைத்து மணலை வாரி எறிந்தான். பக்கத்தில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு காசை எடுத்தார். பலூன் வந்தது. கத்தல், திறந்த குழாயைப் பூட்டின மாதிரி நின்றது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்தார்கள். முதல் கேள்விக்குப் பலூன் வராது, மணலை எறிந்தால் வரும் என்று பிள்ளை படித்தான். கொடுத்தால் சத்தம் நிற்கும், மானம் தப்பும் என்று தாய் படித்தார். இரண்டு பேருக்கும் பரிசு கிடைத்துவிட்டது, ஆகவே நாளைக்கும் இதுவே நடக்கும். ஆனால் நாளைக்குத் தாய் இன்னும் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிப்பார், பிள்ளை இன்னும் கொஞ்சம் கூடக் கத்த வேண்டிவரும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரல்ட் பற்றர்சன் என்பவர் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, குடும்பங்கள் சண்டை பிடிப்பதை நொடிக்கு நொடி எழுதவைத்து இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தார். மறுபக்கமும் உண்டு: ஒருநாள் தாய் பளார் என்று வைக்கிறார், பிள்ளை அடங்குகிறான். அப்போது அடிதான் வேலை செய்யும் என்று தாய் படிக்கிறார். பலமுள்ளவர் வெல்வார் என்று பிள்ளையும் படிக்கிறான். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, தன்னைவிடச் சின்னவனிடம் செய்து பார்க்கிறான்.

அந்த இடத்தில் என்னுடைய மூத்த மகள் நின்றிருந்தால் முதல் ‘வேண்டாம்’ உடனேயே அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள், என்னை எல்லாரும் நல்ல தாய் என்று சொல்லியிருப்பார்கள். இளையவள் நின்றிருந்தால் அந்தத் தாய்க்கு நடந்ததே எனக்கும் நடந்திருக்கும். பிள்ளையின் குணம் நம்மிடமிருந்து ஒரு வகை வளர்ப்பை இழுத்தெடுக்கிறது. 1990களில் அமெரிக்காவில் தத்துப்பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதை வெளிச்சமாக்கின. பெற்றவர்களிடம் முரட்டு நடத்தை இருந்த பிள்ளைகளைத் தத்தெடுத்தவர்கள், மற்றத் தத்துப்பெற்றோரை விடக் கடுமையாக நடந்துகொண்டார்கள். அந்தப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இரத்த உறவே இல்லை. பிள்ளை கொண்டுவந்த சூடுதான் அவர்களையும் சூடாக்கியது. அந்தக் கடுமை திரும்பப் பிள்ளையில் விழுந்து அவனை இன்னும் முரடாக்குகிறது. தாய் சொன்ன இரத்தமும் அப்பம்மா சொன்ன வளர்ப்பும் இப்படி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுற்றுகின்றன. சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு, எங்கே தொடக்கம் என்று கேட்டு விடை இல்லை. எங்கே பிடித்து நிறுத்தலாம் என்றுதான் கேட்க முடியும். நாலு வயதுப் பிள்ளையால் நிறுத்த முடியாது. பெரியவரால்தான் முடியும்.

சூடான பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. ஜே பெல்ஸ்கி போன்ற ஆய்வாளர்கள் சொல்வது: கடுமையான வளர்ப்பில் மற்றவர்களை விட மோசமாகும் இதே பிள்ளைகளில் பலர், பொறுமையான வளர்ப்பில் மற்றவர்களை விட நன்றாக வருகிறார்கள். எல்லாம் அவர்களுக்குள் ஆழமாக இறங்குகிறது, கெட்டதும் நல்லதும். என் வகுப்பு அனுபவமும் அதுதான்.

அடியாத மாடு படியாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். நானும் முதல் வருடங்களில் மேசையில் பூவரசங் கம்பு வைத்திருந்தேன். ஒருநாள் வீட்டுவேலை செய்யாத ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு அடி போட்டேன். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் இருந்தாள். முதல்நாள் இரவு தகப்பன் குடித்துவிட்டு வந்து கொப்பிகளைக் கிழித்தது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கம்பை அன்றைக்கே முறித்தேன் என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் கை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அடியைப் பற்றிய 75 ஆய்வுகளை, ஒரு இலட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளின் தகவலை, 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், மனச்சோர்வு, பெற்றோரோடு விரிசல் எல்லாம் கூடுதலாகக் காணப்பட்டன. சொல்வழி கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. குழப்படிக்காரப் பிள்ளைதானே கூட அடி வாங்குவான் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளையின் ஆரம்பக் குணத்தைக் கணக்கில் எடுத்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளிலும் அதே போக்குத்தான் தெரிகிறது. நம் நாட்டில் பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும் அது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையை மீறுவது என்று தீர்த்தது. தாளில் இருக்கிறது. வகுப்பறைகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நம்முடைய மாவட்டத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. வளர்ப்பு என்கிறோம். எதற்குள் இருந்து வளர்க்கிறார்கள்? 2004இல் சுனாமி, 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் போர். சம்பூர் மக்கள் ஊர் திரும்ப ஏறத்தாழப் பத்து வருடம் எடுத்தது, கிளிவெட்டி முகாமில் பிறந்து நடை பழகிய பிள்ளைகள் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று தாயும் தகப்பனும். கிளோடியா கட்டானி குழுவினர் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பனின் குடியும் போருக்குள் அகப்பட்ட அனுபவமும் பிள்ளை வீட்டில் படும் கொடுமையோடு நேரே தொடர்புபட்டிருந்தன. ஒரு வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு வளர்ந்தவர், பிள்ளை கதவை அடித்துச் சாத்தினால் கத்துகிறார். வளர்ப்புச் சரியில்லை என்று அவரை நோக்கி விரல் நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெளிநாடு போன தாய்மாரும் அப்படித்தான். மூதூர், கிண்ணியா, நகரத்தின் ஓரங்களிலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கிறார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்று 2013இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தது. கடனை அடைக்க வேறு வழி மட்டும் வரவில்லை. அம்மம்மா வளர்த்த பிள்ளைகள் எல்லாரும் கெட்டுப்போகவில்லை. மாறாமல் ஒரே ஆள் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள். மாமி வீடு, பெரியம்மா வீடு என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெட்டி மாறிய பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம் திணறுவார்கள்.

பதின்ம வயதுக்காரரைப் பற்றிச் சுருக்கமாக. டெரி மொஃபிட் 1993இல் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். மூன்று நாலு வயதிலிருந்தே தொடங்கி நிற்காமல் போகும் சிறு கூட்டம் ஒன்று. பதின்மூன்று, பதினாலில் தொடங்கி, இருபதுகளில் தானாக ஓய்ந்துபோகும் பெரிய கூட்டம் மற்றது. சந்தியில் கூட்டாளிகளோடு நின்று சிகரட் பிடிக்கும் பெடியன் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவனை முதல் வகை என்று முத்திரை குத்தி வீட்டைவிட்டுத் துரத்தினால்தான் ஆபத்து. குற்றப் பொறுப்புக்கான வயதை நம் நாடு 8இலிருந்து 12க்கு உயர்த்தியதே 2018இல்தான்.

பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது காது, கண், தூக்கம். காதில் சீழ் வடிந்து பாதி கேட்காத பிள்ளையைச் சொல்வழி கேளாதவன் என்று ஏசியவர்களை நான் அறிவேன். ஒரு நிமிடமும் இருக்க முடியாமல், எதையும் முடிக்க முடியாமல் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குக் கவனக்குறைபாட்டு நோய் இருக்கலாம். அது பெரும்பங்கு பரம்பரையில் வருவது, மருத்துவமும் உள்ளது. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே போவது என்று வழி காட்டுவார். மனநலப் பிரிவு என்றதும் ‘என்ட பிள்ளைக்குப் பைத்தியமா’ என்று பயப்படத் தேவையில்லை. பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்றால் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

பென்சில் பிள்ளைக்கு வருகிறேன். தாயோடு இரண்டாம் தடவை பேசியபோது, அவன் கைக்குழந்தையிலேயே கரண்டி விழுந்தாலும் அலறுவான் என்று சொன்னார். ஒற்றை அறை வீடு. தகப்பன் இரவு கடலுக்குப் போய் விடியத் திரும்புவார், மீன் எடுக்க வருபவர்களின் சத்தத்தில் பிள்ளை நாலு மணிக்கே எழும்பிவிடுவான். பிறகு தகப்பன் தூங்க வேண்டும், ஆகவே “சத்தம் போடாத” என்றுதான் அவனுடைய காலை தொடங்கும். தூக்கம் போதாத, சின்னத் தொடுகைக்கும் துள்ளும் பிள்ளை, நாற்பது பேர் கத்தும் வகுப்பில் நடு வாங்கில் இருக்கிறான். பக்கத்தில் இருந்தவன் அன்றைக்கு அவனை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தானாம். எத்தனை தரம் என்று கேட்டேன். “ஆறு தரம் ரீச்சர். நான் நாலு தரம் வேணாமெண்டு சொன்னனான்.” நாலு தரம் சொல்லியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை.

இடத்தை மாற்றி சன்னல் ஓரம் இருத்தினேன். கோபம் வந்தால் கேட்காமலே எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று இருவரும் பேசிவைத்தோம். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினொரு தடவை போனான். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் ஆறு, ஏழு. இடையில் ஒருநாள் இன்னொருவனின் கொப்பியைக் கிழித்தும் விட்டான்.

வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளித்து, தொழிலுக்குப் போகாத ஒருநாள் தகப்பன் வந்தார். வகுப்பு வாசலிலேயே நின்றார். “நானும் இப்பிடித்தான் இருந்தனான் ரீச்சர். எனக்கு நல்லா அடி விழுந்தது” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவனுக்கு நான் அடிக்கிறதில்ல எண்டு சொல்ல ஏலாது.” உள்ளே வாருங்கள் என்றேன். மகனுக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன வாங்கில், முழங்கால் நெஞ்சைத் தொட இருந்தார். மகன் வள்ளம் ஒன்று கீறிக்கொண்டிருந்தான். தகப்பன் குனிந்து பார்த்தார். “எஞ்சின் பின்னுக்கு வரும் மகன்.” பிள்ளை ஒரு நொடி விறைத்தான், நான் தண்ணீர்ப் பக்கம் போகப்போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை. அழிறப்பரை எடுத்துத் தகப்பனின் கையில் வைத்தான்.